வான்கோழி வேட்டைக்குப் பழைய பம்ப் ஷாட்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை ஃபுளோரிடாவில் மார்ச்சில் தொடங்கி, நியூயார்க் போன்ற வட மாநிலங்களில் மே 31 வரை போகும். அதற்கு முந்தைய சில வாரங்களில்தான் அடகுக்கடைகளிலும் துப்பாக்கிக் கடைகளின் பழைய சரக்கு அடுக்கிலும் கூட்டம். அங்கே எதைப் பார்த்து வாங்குவது, எதைத் தொடாமல் விட்டுவிடுவது என்று வேட்டைக்குப் புதிதாக வரும் தமிழர்கள் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

புதிதாகவே வாங்கிவிடலாமே, பழையது எதற்கு?

தாராளமாக வாங்கலாம். ஆனால் வான்கோழி வேட்டையில் ஒரு சீசனுக்குச் சுடும் தோட்டாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிட்டு, சேவல் 30 கஜத்துக்குள் வந்து கழுத்தை நீட்டும்போது ஒரே ஒரு வெடி. இதற்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுத் தாங்கும் புத்தம்புது இயந்திரம் தேவையில்லை. ஒரு தாத்தா நாற்பது வருடம் மான், முயல், வாத்து என்று வைத்திருந்த பம்ப் துப்பாக்கி (முன்கைப்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) பார்க்கக் கிழடாக இருந்தாலும் உள்ளே அதிகம் தேய்ந்திருக்காது. களிமண் தட்டு சுடும் கிளப்பில் உழைத்த துப்பாக்கி அப்படியில்லை. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே களைத்துப் போயிருக்கும். அதனால் வாங்கும் முன் அதன் பூர்வீகத்தைக் கேளுங்கள்.

விலை ஊருக்கு ஊர் மாறும். தோராயமாக, பழைய மாஸ்பெர்க் 500 என்றால் 200 முதல் 300 டாலர், நல்ல நிலையில் உள்ள ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் என்றால் 300 முதல் 450 டாலர்.

எந்த மாடலைத் தேடுவது?

என் ஓட்டு ரெமிங்டன் 870-க்கு, அதுவும் பழைய விங்மாஸ்டருக்கு. 1950-ல் சந்தைக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேல் செய்திருக்கிறார்கள். உடல் (ட்ரிகரும் மற்ற இயங்கு பாகங்களும் பொருந்தும் நடுப்பகுதி) முழுவதும் எஃகைக் கடைந்து செய்தது. 1987-ல் வந்த எக்ஸ்பிரஸ் இதே துப்பாக்கியின் மலிவு வடிவம். அதன் மங்கலான கறுப்புப் பூச்சு ஈரம் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிந்தைய வருடங்களில் வந்தவற்றில் சேம்பர் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம்) சொரசொரப்பாக இருந்து சுட்ட தோட்டா சிக்கிக்கொள்ளும் புகாரும் உண்டு. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் விங்மாஸ்டரை எடுங்கள்.

மாஸ்பெர்க் 500 1961-ல் வந்தது. உடல் அலுமினியக் கலவை, எடை குறைவு, கெட்டுப்போனால் வீட்டிலேயே சரிசெய்யலாம். முன்கைப்பிடி கொஞ்சம் லொடலொடவென்று ஆடும். அது அதன் பிறவிக்குணம், பழுதல்ல.

இத்தாகா 37, வின்செஸ்டர் மாடல் 12 இரண்டும் அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் பேர் போனவை. 1912 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேல் வந்த மாடல் 12-ஐக் கையில் எடுத்து ஒருமுறை பம்ப் செய்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனாலும் முதல் துப்பாக்கியாக இவற்றை நான் சொல்ல மாட்டேன். குழலை மாற்றுவது கடினம் என்பதுதான் காரணம். இத்தாகா 37-ல் வரிசை எண் 8,55,000-க்குக் கீழே இருந்தால் வேறு குழல் நேரடியாகப் பொருந்தாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ராவிப் பொருத்த வேண்டும். மாடல் 12-க்கும் அதே கதை. தவிர, மாடல் 12-லும் பழைய இத்தாகா 37-லும் ட்ரிகரை விடாமல் பிடித்துக்கொண்டு பம்ப் செய்தால், போல்ட் (தோட்டாவின் பின்னால் மூடிக்கொள்ளும் பாகம்) மூடிய கணமே அடுத்த தோட்டா வெடித்துவிடும். இந்தப் பழக்கம் தெரியாத கையில் அது ஆபத்து.

சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு, வெஸ்டர்ன் ஆட்டோ போன்ற கடைப்பெயர் பொறித்த பழைய துப்பாக்கிகளும் கண்ணில் படும். அவற்றைப் பெரிய கம்பெனிகளே செய்து கொடுத்தன. வார்டின் வெஸ்டர்ன் ஃபீல்டு எம்550 என்பது உள்ளுக்குள் மாஸ்பெர்க் 500-தான். பெயர் வேறு என்பதால் விலை குறைவு. சியர்ஸின் ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20 ஹை ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. நன்றாகச் சுடும், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

என் 870 எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலின் இடப்பக்கம், உடலோடு சேரும் இடத்துக்கு அருகே சின்ன எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது வருடம். மாத எழுத்துகள் ஜனவரி தொடங்கி வரிசையாக பி, எல், ஏ, சி, கே, பி, ஓ, டபிள்யூ, டி, இ, ஆர், எக்ஸ். சேர்த்து வாசித்தால் 'பிளாக் பவுடர் எக்ஸ்' (BLACKPOWDERX). அதாவது கரிமருந்து, கூட ஓர் எக்ஸ். இந்தக் குறி குழலின் வயதைத்தான் சொல்லும். குழலை யாராவது மாற்றியிருந்தால் துப்பாக்கியின் வயது வேறு.

குழலில் 2¾ அங்குலம் என்று இருக்கிறது. 3 அங்குலத் தோட்டா உள்ளே போகிறதே, சுடலாமா?

கூடாது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலாவது இதுதான்.

தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் அது வெடித்து, மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத 3 அங்குலத் தோட்டா அதைவிடக் குட்டை. ஆகவே 2¾ அங்குல சேம்பருக்குள் அது சமர்த்தாகப் போய் உட்காரும், போல்ட்டும் மூடும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல், குழல் குறுகத் தொடங்கும் பகுதிக்குள் நெருக்கிக்கொள்ளும். அழுத்தம் எகிறும். ஒருமுறை தப்பிக்கலாம், அதை நம்பி அடுத்த முறை சுடக் கூடாது.

870-ல் இன்னொரு நுணுக்கம். 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது) 870 உடலில் வரிசை எண் 'வி' என்று முடிந்தால் அது 2¾ அங்குலத் துப்பாக்கி, 'எம்' என்று முடிந்தால் 3 அங்குல மேக்னம். 'வி' உடலில் யாராவது 3 அங்குலக் குழலை மாட்டி வைத்திருப்பார்கள். குழல் பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் அந்த உடல் நீளத் தோட்டாவை வெளியே தள்ளுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 2¾ அங்குலத் தோட்டாவைத்தான் போட வேண்டும். குழல், உடல் இரண்டையும் படித்து, எது குட்டையோ அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

மாடல் 12-ன் பழைய 16 கேஜ் துப்பாக்கிகள் சிலவற்றில் சேம்பர் இன்னும் குட்டை, 2 9/16 அங்குலம். இன்றைய 16 கேஜ் தோட்டாவே அதற்கு நீளம். கன்ஸ்மித் அளந்து சொல்லும்வரை சுட வேண்டாம்.

2¾ அங்குலத் தோட்டாவால் வான்கோழியை வீழ்த்த முடியுமா?

முடியும். 3½ அங்குலத் தோட்டாவே 1988-ல் மாஸ்பெர்க் 835 வந்தபோதுதான் 12 கேஜுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பும் சேவல்கள் சமையலறைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. 2¾ அங்குல மேக்னம் தோட்டாவில் ஒன்றரை அவுன்ஸ் ஈயம் பிடிக்கும். 6-ஆம் எண் குண்டு (எண் கூடினால் குண்டு சிறிது) என்றால் ஏறக்குறைய 335, 5-ஆம் எண் என்றால் 255. நல்ல ஃபுல் சோக் குழலில் (சோக் என்பது குண்டுகள் சிதறாமல் இருக்கக் குழல் வாயருகே உள்ள குறுகல், ஃபுல் என்றால் நல்ல இறுக்கம்) 35 கஜம் வரை இது போதும். 3½ அங்குலத்தின் உதை தோளைப் பதம் பார்க்கும். பழைய துப்பாக்கிகளின் கெட்டி பிளாஸ்டிக் பின்தட்டோடு அந்த வகை உதையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கடையில் கையில் எடுத்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சேம்பரையும், குழலுக்கு அடியில் தோட்டா அடுக்கும் மேகஸின் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். காலி என்று அவர் சொன்னது போதாது.

பிறகு குழல். கழற்றித் தரச் சொல்லி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். சுவர் நெடுக ஒரே சீராக மின்ன வேண்டும். எங்காவது வளையம் போலக் கறுப்பு நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. மண்ணோ பனியோ வாயை அடைத்திருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார்கள். வெளிப்பக்கம் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். அந்தக் குழலுக்கு எந்த விலையும் அதிகம். உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிவதெல்லாம் துரு அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டாவின் பிளாஸ்டிக் படிந்தும் அப்படித் தெரியும். துடைக்கச் சொல்லுங்கள், போனால் அழுக்கு. சேம்பருக்குள் அரிப்பு இருந்தால்தான் கவலை, சுட்ட தோட்டா அங்கேதான் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ட்ரிகர். கடைக்காரரின் அனுமதியோடு, காலித் துப்பாக்கியில், பாதுகாப்பான திசையை நோக்கி, முடிந்தால் போலித் தோட்டாவோடு செய்யுங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்துங்கள்; ஒன்றும் நடக்கக் கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை எடுங்கள். அப்போதும் சுத்தியல் விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிடுங்கள். அதன்பின் ட்ரிகரை அழுத்தி, 'க்ளிக்' கேட்டதும் விரலை எடுக்காமலே ஒருமுறை பம்ப் செய்து, பிறகு விரலை விடுங்கள். மறுபடி அழுத்தினால் மறுபடி 'க்ளிக்' கேட்க வேண்டும். மேலே சொன்ன மாடல் 12, பழைய இத்தாகா 37 இரண்டும் இதில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

போல்ட் மூடியிருக்கும்போது, விடுவிக்கும் பொத்தானைத் தொடாமல் முன்கைப்பிடியைப் பலமாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். திறக்கக் கூடாது.

போலித் தோட்டா நான்கைந்து கையோடு கொண்டுபோனால் நல்லது. போட்டு, வேகமாகவும் மெதுவாகவும் பம்ப் செய்யுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு தோட்டா வந்து முட்டினால், 870-ல் உடலின் உட்சுவரில் தட்டி இறுக்கிய தோட்டாப் பிடிகள் தளர்ந்திருக்கலாம். தோட்டா வெளியே எறியப்படாமல் சோம்பலாக உள்ளேயே கிடந்தால் இடப்பக்க உட்சுவரில் உள்ள எஜெக்டரைப் பாருங்கள். 870-ல் அது ரிவெட் அடித்தது, கன்ஸ்மித்தால்தான் மாற்ற முடியும். மாஸ்பெர்க் 500-ல் அதே பாகம் ஒரு திருகாணியில் நிற்கிறது. சேஃப்டிப் பொத்தானும் அப்படித்தான்: பிளாஸ்டிக்காக இருந்து விரிசல் விட்டிருந்தால் சில டாலரில் உலோகத்தில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பழைய 870 ஒன்றில் மட்டும் வரும் தொல்லை: தோட்டா ஒன்று பிடியைத் தாண்டி நழுவி, தூக்கிக்கும் (தோட்டாவைச் சேம்பர் உயரத்துக்கு ஏற்றும் தகடு) போல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் பம்ப் அசையாது. பிந்தையவற்றில் கீழே தெரியும் தூக்கித் தகட்டில் 'யு' வடிவ வெட்டு இருக்கும், அது இந்தச் சிக்கலை விடுவிக்கத்தான். வெட்டு இல்லாத பழையதை வாங்கக் கூடாது என்றில்லை, விலை பேச ஒரு காரணம்.

மரக்கட்டையில் கீறல்கள் பரவாயில்லை. கைப்பிடிக் கழுத்தில், உலோகத்தோடு சேரும் இடத்தில் ஓடும் விரிசல்தான் உதையில் வளரும்.

குழல் ஃபுல் சோக்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழலிலேயே 'ஃபுல்' அல்லது 'மாடிஃபைடு' என்று பொறித்திருக்கும். ஆனால் பழைய குழலை யாராவது வாயருகே அறுத்திருக்கலாம். அறுத்தால் சோக் போயிற்று, எழுத்து மட்டும் மிச்சம். நுனியில் உள்ள குறிபார்க்கும் மணி விளிம்பிலிருந்து ஒழுங்கான தூரத்தில் இருக்கிறதா, விளிம்பு நேராக இருக்கிறதா பாருங்கள்.

வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்க 10 சென்ட் நாணயத்தின் விட்டம் 0.705 அங்குலம். 12 கேஜ் குழலின் உள்விட்டம் பொதுவாக 0.729, ஃபுல் சோக் வாயருகே 0.695-ஐ ஒட்டி. காலித் துப்பாக்கியின் வாயில் நாணயத்தை வைத்தால் உள்ளே போகாமல் நின்றால் ஃபுல் சோக், போனால் அதைவிடத் தளர்ச்சி. இது குத்துமதிப்புதான். சரியாக அளக்க கன்ஸ்மித்திடம் கருவி உண்டு.

ஒரு விஷயம்: குழல் 18 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தாலோ, துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தாலோ அது மத்திய சட்டப்படி தனி வகை. அறுத்த குழலைக் கண்டால் போல்ட்டை மூடி, வாயிலிருந்து ஒரு குச்சியைப் போல்ட் முகம் வரை விட்டு அளந்த பிறகே பேச்சு.

திருகு சோக் இல்லாத பழைய குழல். என்ன செய்வது?

ரெமிங்டன் தன் திருகு சோக்கை (குழல் வாயில் திருகிக் கழற்றி மாற்றுவது) 1986-ல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 870 எல்லாம் நிலையான சோக்தான். ஃபுல் சோக் என்றால் அப்படியே வைத்துச் சுட்டுப் பாருங்கள். பல பழைய 30 அங்குலக் குழல்கள் ஈயத்தை அற்புதமாக இறுக்கி அடிக்கும். போதாவிட்டால் திருகு சோக் உள்ள இரண்டாம் கைக் குழல் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். 12 கேஜ் 870 குழல்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 'வி' உடலில் 2¾ அங்குல விதியை மட்டும் மறக்காதீர்கள். பழைய 20 கேஜில் இந்த வசதி இல்லை, உடல் அளவே இடையில் மாறியது. நான் 870-ஐ முதலில் சொன்னதற்குக் காரணம் இந்தக் குழல் மாற்றும் வசதிதான். உடலின் பெயர் எதுவானாலும் வான்கோழியின் தலைக்குப் போய்ச் சேருவது குழல் அனுப்பும் குண்டு மட்டுமே.

எந்தக் குண்டு போடலாம்?

பழைய குழலுக்கு ஈயம். 4, 5, 6 எண்கள். எஃகுக் குண்டைப் பழைய ஃபுல் சோக்கில் போட வேண்டாம், ஈயம் போல நசுங்கிக் கொடுக்காது, சோக்கைக் கெடுக்கும். 1991 முதல் ஈயத் தடை நாடு முழுவதும் நீர்ப்பறவைகளுக்கு மட்டும்தான். வான்கோழிக்குப் பெரும்பாலான மாநிலங்கள் ஈயத்தை அனுமதிக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் கூடாது.

டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் குண்டின் அடர்த்தி 18, ஈயத்தினது 11.3. அதனால் 9-ஆம் எண் பொடிக் குண்டே ஈயத்தின் பெரிய குண்டு செய்யும் வேலையைச் செய்கிறது, 20 கேஜ்கூடப் போதுமாகிறது. ஆனால் ஒரு தோட்டாவே பத்து டாலரை ஒட்டி வரும். எஃகைவிடக் கெட்டியானது என்பதால் பழைய நிலையான சோக்குக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆசை இருந்தால் அதற்கென்று செய்த திருகு சோக்கோடு போடுங்கள்.

வாங்கியாயிற்று. நேரே காட்டுக்குப் போகலாமா?

முதலில் காகிதத்தில் சுடுங்கள். பெரிய காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, மலிவுத் தோட்டாவால் 20 கஜத்தில் சுட்டு, துப்பாக்கி பார்த்த இடத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். சில பழைய குழல்கள் ஒரு பக்கமாகத் தள்ளி அடிக்கும். பிறகு வேட்டைத் தோட்டாவோடு 40 கஜத்தில். குண்டு அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரைந்து எண்ணுங்கள். 100 குண்டு என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 60 தான் இருக்கிறதா? 30 கஜத்துக்கு நெருங்கி வந்து மறுபடி சுடுங்கள். எந்தத் தூரத்தில் 100 விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. தோட்டாக் கம்பெனியை மாற்றினால் கணக்கும் மாறும். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் அனுபவசாலிகளும் தோளைக் குலுக்குவார்கள்.

பளபளப்பு பறவையை விரட்டுமா?

விரட்டும். வான்கோழிக்கு நிறமும் அசைவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். விங்மாஸ்டரின் கண்ணாடி வார்னிஷைச் சுரண்டிக் கெடுக்காமல், சீசனுக்கு மட்டும் துணி உருமறைப்பு டேப் சுற்றிப் பிறகு உரித்துவிடுங்கள். டேப்புக்கு அடியில் ஈரம் தங்கினால் துருதான். உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டாம். சேவலின் தலை நிறங்கள் அவை, இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடக் கூடாது.

வரிசை எண்ணே இல்லாத துப்பாக்கி. வாங்கினால் வம்பா?

1968-ன் துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்பு மலிவு ஷாட்கன்கள் பலவற்றில் எண் போடவே இல்லை. அவை சட்டப்படி சரியானவை. எண் இருந்து, அதைச் சுரண்டியிருந்தால் வைத்திருப்பதே குற்றம். எண் இருக்க வேண்டிய இடத்தில் ராவிய தடம் தெரிந்தால் வெளியே நடந்துவிடுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

கிரீன் கார்டு உள்ளவருக்கு மத்திய சட்டத்தில் தடையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாக அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் சட்டப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் முடிந்த நாளோடு விலக்கும் முடிகிறது, துப்பாக்கி வீட்டில் சும்மா இருந்தாலும். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் கேட்பார்கள். அதில் பொய் சொன்னால் விசாவோடு வாழ்க்கையும் சிக்கலாகும். மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தனியாரிடம் வாங்குவது சில மாநிலங்களில் சாதாரணம், சிலவற்றில் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான். விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால் எப்போதும் கடை வழியாகத்தான். நான் எந்த மாநிலத்திலும் கடை வழியையே விரும்புவேன், பின்னணிச் சோதனையின் காகிதம் கையில் இருக்கும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு?

மாஸ்பெர்க் 500, சேஃப்டி மேலே, நடுவில் இருக்கிறது. சுட்ட தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறப்பது பிடிக்காதென்றால், கீழ்ப்பக்கமாகத் தள்ளும் இத்தாகா 37 அல்லது பிரவுனிங் பிபிஎஸ்.

விற்பவர் ஒரு பெட்டி பழைய தோட்டாவும் சேர்த்துத் தருகிறார். பயன்படுத்தலாமா?

கலப்படப் பெட்டி என்றால் முதலில் கேஜ் வாரியாகப் பிரியுங்கள். 12 கேஜ் துப்பாக்கிக்குள் மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா ஒன்று விழுந்தால், சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் நிற்கும். வெளியே தெரியாது. மேலே ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். காகிதக் கூடு, உப்பியது, பித்தளை பச்சை பூத்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மீதியில் நீளம் பாருங்கள், எஃகா ஈயமா என்று பாருங்கள். தேறியவற்றைக் காகிதத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு, காட்டுக்குப் புதுப்பெட்டி வாங்குங்கள்.